புளித்தண்ணீரும் அரக்கும்

மூன்று நாளாகப் புளித்தண்ணீரில் ஊறிய டேங்க்கைத் திரௌபதி கொல்லையில் சாய்த்தாள். செம்மண் கரைத்தது போல் ஒரு குழம்பு குபுகுபுவென்று வெளியே வந்தது. கூடவே துருவைச் சுரண்ட உள்ளே போட்டிருந்த ஓடைக் கூழாங்கற்களும், ஒரு பழைய சைக்கிள் செயினும்.

"இன்னும் கீது அண்ணி. நல்லா ஆட்டிப் பாக்கலாம்" என்றான் லட்சுமணன்.

அவளுக்குத் தோள்பட்டை விண்ணென்று வலித்தது. முந்தின நாள் முழுக்கச் சாமை இடித்திருந்தாள். விடியுமுன் எழுந்து தண்ணீர் தூக்கி, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டு, மூன்று பேருக்குக் கட்டுச்சோறும் கட்டி வைத்திருந்தாள். இருந்தும் கல்லையும் செயினையும் மறுபடி உள்ளே போட்டு ஒரு முனையைப் பிடித்தாள். அவன் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் ஆட்டினார்கள்.

நாலு வருஷமாக ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சாக்கு போர்த்திக் கிடந்த ராஜ்தூத் வண்டியின் டேங்க் அது. நெல்லிவாசல் நாட்டுப் பக்கம் மலைமேல் அந்த ஊரில் இருந்த ஒரே மோட்டார் சைக்கிள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும், பாம்பு தீண்டினாலும், "தங்கவேலு வூட்ல சொல்லு" என்பார்கள். திரௌபதியின் புருஷன் தங்கவேல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வண்டியை உதைப்பான்.

ஒரு ஐப்பசி மழை நாளில் அதெல்லாம் முடிந்துபோயிற்று.

தம்பி லட்சுமணனின் பெண்டாட்டி மங்கம்மாவுக்கு அன்றைக்கு மத்தியானம் வலி எடுத்தது. தங்கவேல் வண்டியை ஓட்ட, அவளை நடுவில் வைத்துத் திரௌபதி பின்னால் பிடித்துக்கொண்டாள். லட்சுமணன் ஆஸ்பத்திரியில் முன்கூட்டிச் சொல்லக் குறுக்குவழியில் ஓடினான். பாறை ஏற்றத்தில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது. நின்ற வண்டி சேற்றில் பின்னுக்கு வழுக்கியது. மூன்று பேரும் விழுந்தார்கள். டேங்க் பாறையில் மோதி ஒடுங்கியது. மங்கம்மா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. வயிற்றில் இருந்த பிள்ளையும்தான்.

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பிவிட்டான் என்றது ஊர். அண்ணனும் தம்பியும் அன்றோடு பேச்சை விட்டார்கள். தங்கவேல் வண்டியைத் தொடுவதை விட்டான்.

போன வெள்ளிக்கிழமை லட்சுமணன் இந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது, திரௌபதிக்குக் கையிலிருந்த முறம் நழுவப் பார்த்தது. அவன் இப்போது மறுபடி கல்யாணம் கட்டியவன். இரண்டாம் மனைவி பச்சையம்மாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்த உடனே திருப்பத்தூர் போய்விட வேண்டும், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். ஜீப் வருவது செவ்வாயும் சனியும் மட்டும். வலி கிழமை பார்த்தா வரும்?

"வண்டிய ரிப்பேர் பண்ணணும் அண்ணி" என்றான் அவன். அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை.

தங்கவேலும் தம்பியைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. "டேங்க்க சரி பண்ணித் தர்றேன்னு சொல்லு. ஓட்டுறதுக்கு வேற ஆள பாத்துக்கச் சொல்லு" என்றான் மனைவியிடம். அந்த மலையில் வேறு ஆள் யார் இருக்கிறார்கள்?

இன்றைக்குச் செவ்வாய்.

தங்கவேல் வந்து டேங்க்கை வாங்கி, வாயில் கண்ணை வைத்து வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பார்த்தான். "அடியில பொடிப்பொடியா வெளிச்சம் தெரியுது. ஈயம் பத்த வெக்கணும். சலவைச் சோடா கரைச்சு வெந்நீர்ல ஒரு தடவ கழுவு. புளிப்பு நின்னுச்சுன்னா தகரத்த அரிச்சிடும்."

திரௌபதி அடுப்பு மூட்டப் போனாள்.

*

ஜீப்பில் டேங்க் அவள் மடியில் வந்தது. சாக்கில் சுற்றியிருந்தாலும் அதன் ஈரம் புடவையை நனைத்தது. தங்கவேல் முன்னால் டிரைவர் பக்கம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான். லட்சுமணன் பின்னால் படியில் தொற்றிக்கொண்டான். இருவருக்கும் நடுவில் பதினான்கு பேரும், புளிக்கூடைகளும், கால் கட்டிய ஒரு ஆட்டுக்குட்டியும்.

பாறை ஏற்றம் வந்தது. டிரைவர் கியரை மாற்றினான். ஜீப் முக்கி முனகி ஏறியது.

திரௌபதி புருஷனின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. அன்றைக்கு விழுந்த பாறைப் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. ஏற்றம் தாண்டிய பிறகுதான் அவன் தோள் இறங்கியது. நாலு வருஷமாக இந்த வழியில் போகும்போதெல்லாம் இப்படித்தான். பாதி நாள் ஜீப்பே வேண்டாம் என்று குறுக்குவழியில் நடந்துவிடுவான். மலை ஊர்களுக்கு மருந்து கொண்டுபோகும் வேலைக்கு வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அதிகாரிகள் தேடி வந்தபோதும், தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

கலீல் பாயின் டிங்கரிங் பட்டறை திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. வாணியம்பாடிக்காரர், கனத்த உடம்பு. டேங்க்கை வாங்கி முதலில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார்.

"புளியா? சோக்கா பண்ணிருக்கீங்க. ஆசிட் ஊத்தி ஓட்டையாக்கிக் கொண்டாருவாங்க ஜனங்க. கடைசியா பெட்ரோல் எப்ப ஊத்துனது?"

"நாலு வருசம் ஆவுது பாய்" என்றான் தங்கவேல்.

"ஆனாலும் தண்ணி ரொப்பித்தான் நெருப்பு வெப்பேன். ஆவி எங்கனா மூலையில ஒளிஞ்சிக்கினு இருக்கும். போன வருசம் ஒருத்தன் அவசரப்பட்டு, தோ, புருவம் பூரா போச்சு."

டேங்க்கைக் குப்புறப் போட்டு அடியிலிருந்த பெட்ரோல் குழாயைத் திருகிக் கழற்றினார். துரு இறுகி லேசில் வரவில்லை. மண்ணெண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி எடுத்தவர், அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, குழா ரிசர்வ்லயே நிக்குது. ரிசர்வ்ல போட்டு ஓட்டுனா அடியில நிக்கற மிச்சமும் சேந்து போயிடும், பெட்ரோல் தீரப்போவுதுன்னு எப்பிடித் தெரியும்? திடீர்னு நின்னுடுமே."

"நான்தான் வெச்சிருப்பேன் பாய்" என்றான் தங்கவேல். "திருப்பி வெக்க மறந்துட்டேன். அன்னிக்கு ஏத்தத்துல வண்டி நின்னப்ப ரிசர்வுக்குத் திருப்பலாம்னு கைய வுட்டேன். அது ஏற்கெனவே அங்கதான் இருந்துச்சு."

இதை அவன் வாய்விட்டுச் சொல்லித் திரௌபதி கேட்பது இதுதான் முதல் தடவை. அவள் லட்சுமணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

கலீல் பாய்க்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றினார். "சரி, உள்ள பூசறதுக்குப் பாலிஷ் அரக்கும் ஸ்பிரிட்டும் வேணும். பஜார்ல கதவுக்குப் பாலிஷ் போடற சாமான் கடை கீது. தகடு தகடா இருக்கும், அத வாங்கியாங்க. ஈயம் பெரிய ஓட்டைய அடைக்கும், ஊசிக்கண்ணு ஓட்டைங்கள அரக்குதான் அடைக்கும். பெட்ரோல்ல அது கரையாது."

தங்கவேல் தலையாட்டிவிட்டுப் போனான்.

பாய் குழாய்த் துளை வழியாகத் தண்ணீர் ரொப்பினார். அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. கையைத் துடைத்துக்கொண்டார். "யம்மா, தொழுதுட்டு வந்துடறேன். நீங்க சாப்புடறதுன்னா சாப்புடுங்க. பானையில தண்ணி கீது."

*

திரௌபதி கட்டுச்சோற்றை அவிழ்த்தாள். லட்சுமணன் கையை நீட்டவில்லை.

"சாப்புடு. சாயந்தரம்தான் ஜீப்பு."

"அண்ணி."

"இன்னா?"

"அந்தக் குழாய ரிசர்வ்ல வெச்சது அண்ணன் இல்ல. நானு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. சோற்றுக் கையோடு அவனைப் பார்த்தாள்.

"புளியமரத்துல கடந்தைக் குளவி கூடு கட்டிச்சே, ஞாபகம் கீதா? தண்ணிக்குப் போற வழியில. மங்கா தெனமும் சொல்லும், பயமாக்கீது, நெறமாசத்துல கொட்டிச்சுன்னா இன்னா பண்றதுன்னு. அன்னிக்குக் காலைல அண்ணன் சாமைக் கொல்லைக்குப் போயிருந்துச்சு. நான் வந்து பெட்ரோல் புடிச்சேன். சும்மா வெச்சா ஒரு பாட்டிலுக்கு மேல வரல. ரிசர்வுக்குத் திருப்பினேன். இன்னொரு பாட்டில் வந்துச்சு. பந்தம் கட்டிக் கூட்டக் கொளுத்திட்டேன். அண்ணன் வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"அப்பால?"

"மத்தியானம் வலி வந்துடுச்சு. அந்த அவசரத்துல மறந்துட்டேன் அண்ணி. சத்தியமா மறந்துட்டேன். பாதி மல எறங்கினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. திரும்பி ஓடியாந்தேன். அதுக்குள்ள..."

தெருவில் ஒரு மாட்டுவண்டி போயிற்று.

திரௌபதிக்குக் கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. உடம்பில் அதற்கு இடமே இல்லாத மாதிரி ஒரு அசதி. கையிலிருந்த சோற்றை இலையில் உதறினாள்.

"நாலு வருசம் லட்சுமணா. நீ கோவமா கீறேன்னு நெனச்சேன். அவரு மேல பழி வெச்சிக்கினு மூஞ்சி திருப்பிக்கினு போறேன்னு நெனச்சேன். நீ கண்ணுல பட்டா அவரு வழி மாறிப் போவாரு, தெரியுமா? உன் பொண்டாட்டியக் கொன்னுட்டோம்னு."

"தெரியும்."

"தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தியா?"

"எப்பிடி அண்ணி சொல்லுவேன்? மங்காவக் கொன்னது நான்தான்னு எப்பிடிச் சொல்லுவேன்?" அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "இப்ப பச்சையம்மா வயித்தப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல. நீயே அண்ணங்கிட்டச் சொல்லிடு அண்ணி."

"நான் சொல்ல மாட்டேன்."

அவன் நிமிர்ந்தான்.

"என்னால முடியாது. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சேதி சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். இந்த டேங்க்கு மல ஏறதுக்கு முன்னாடி நீ சொல்லணும். உன் வாயால."

*

கலீல் பாய் வந்தார், தங்கவேலும் வந்தான். டொக்கு விழுந்த இடத்தில் ஒரு கம்பியை ஈயத்தால் ஒட்டவைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே இழுத்தார் பாய். தகரம் 'டொப்'பென்று எழும்பியது. முழுக்கச் சரியாகவில்லை. உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம் மிஞ்சியது.

"இதுக்கு மேல இழுத்தா கிழிஞ்சிடும். இருந்துட்டுப் போவட்டும். பெட்ரோல் நிக்கறதுக்கு அழகு எதுக்கு?"

அப்புறம் அடியில் ஈயம் பற்றவைத்தார். ஆறியதும் தண்ணீரைக் கொட்டி, ஒழுக்கு இருந்தால் தெரிய வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார். ஈயம் வைத்த இடம் காய்ந்தே இருந்தது. ஓரமாக மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பில் மூன்று புள்ளிகள் மெல்ல நனைந்து பழுப்பாகின.

"அந்த மூணுக்குத்தான் அரக்கு" என்றார்.

மண்ணெண்ணெயை வடித்து, ஸ்பிரிட்டால் அலசி, வெயிலில் காயவைத்தார்கள். தேன் நிறத்தில் கரைந்திருந்த அரக்கை உள்ளே ஊற்றி, டேங்க்கின் வாயையும் குழாய்த் துளையையும் அடைத்தார் பாய்.

"அண்ணந்தம்பி ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிங்க. மெதுவா உருட்டிக்கினே இருக்கணும். மேல, கீழ, சைடு, எல்லா எடமும் படணும். கை நிக்கக் கூடாது. நின்னா ஒரே எடத்துல தேங்கிடும். நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க."

அண்ணனும் தம்பியும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்தார்கள். நாலு கைகள் டேங்க்கின் மேல். இவ்வளவு பக்கத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. டேங்க் உருண்டது. உள்ளே அரக்கு கனமாக நகரும் சத்தம் கேட்டது.

திரௌபதி மைத்துனனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினான்.

"அண்ணே."

தங்கவேலின் கை ஒரு கணம் தடுமாறியது.

"நிறுத்தாதப்பா!" என்றார் பாய்.

டேங்க் மறுபடி உருண்டது.

"ரிசர்வ்ல வெச்சது நான்தாண்ணே. பெட்ரோல் எடுத்தது நானு. கடந்தைக் கூடு கொளுத்த. ரெண்டு பாட்டிலு. உங்கிட்டச் சொல்லல."

அவன் சொல்லிக்கொண்டே போனான். புளியமரம், மங்கம்மாவின் பயம், பாதி மலையில் ஞாபகம் வந்தது, திரும்பி ஓடியது. குரல் உடைந்தது, மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. தங்கவேல் கண்ணைத் தம்பியின் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. கைகள் மட்டும் அவனுடையவை அல்லாத மாதிரி உருட்டிக்கொண்டே இருந்தன. மேலே, கீழே, பக்கவாட்டில்.

கலீல் பாய் அடுப்பில் இருந்த ஈயக்கோலைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிறுத்தச் சொல்ல வேண்டிய நேரத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் விட்டே சொன்னார்.

"போதும். வையுங்க."

தங்கவேல் டேங்க்கைக் கீழே வைத்தான். விரல்களில் அரக்கு பிசுபிசுத்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். துடைத்துவிட்டுத் தெருவுக்குப் போனான்.

பாய் மிச்ச அரக்கை வடித்துவிட்டுத் திரௌபதியிடம் சொன்னார். "வாய் கீழ பாக்கத் தொங்க வெச்சிடு யம்மா. ரெண்டு நாளு காயணும். அதுக்கு முன்னாடி பெட்ரோல் ஊத்துனா எல்லாம் உரிஞ்சு வந்துடும்."

*

ஜீப் நின்ற இடத்தில் தங்கவேல் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். லட்சுமணன் தூரத்திலேயே நின்றுவிட்டான். திரௌபதி மட்டும் பக்கத்தில் போனாள்.

"ஏறலாம் வாங்க."

"அன்னிக்குப் பாறை மேல சாஞ்சிக்கினு அந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லிச்சே, ஞாபகம் கீதா உனக்கு? 'அவர ஒண்ணும் சொல்லாதீங்க மாமா'ன்னு. வலியில ஒளறுதுன்னு நெனச்சேன். அதுக்குத் தெரிஞ்சிருக்குது திரௌபதி. வண்டி ஏன் நின்னுச்சுன்னு அதுக்கு மட்டும் தெரிஞ்சிருக்குது."

திரௌபதிக்கும் அது ஞாபகம் இருந்தது. மழையில் நனைந்த அந்த முகமும் ஞாபகம் இருந்தது.

தங்கவேல் வலது கையைப் பிரித்துப் பார்த்தான். "நாலு வருசமா இந்தக் கையத்தான் திட்டிக்கினு இருந்தேன். குழாயத் திருப்ப மறந்த கைன்னு. இப்ப இத இன்னா பண்றதுன்னு தெரியல."

"வூட்டுக்கு வாங்க. அப்பால பேசிக்கலாம்."

"நான் இன்னிக்கு வரல. நீங்க போங்க."

"எங்க தங்குவீங்க? அடுத்த ஜீப்பு சனிக்கிழமதானே?"

"பாய் பட்டறையில படுத்துக்கறேன். அவன் மூஞ்சியப் பாத்துக்கினு என்னால மல ஏற முடியாது திரௌபதி. கோவம் இல்ல. முடியல, அவ்வளவுதான்."

டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் டேங்க்கைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். ஜீப் திரும்பும்போது எட்டிப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் யாரும் இல்லை.

*

ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பச்சையம்மா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு திரௌபதி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். கழுத்தெலும்பு தெரிந்தது, வயிறு மட்டும் பெரிதாக இருந்தது.

"டேங்க்கு ஆயிடுச்சா அக்கா? மாமா எங்க?"

திரௌபதி உள்ளே போய், டேங்க்கை வாய் கீழே பார்க்க கூரை வாரையில் கயிறு போட்டுக் கட்டினாள். ஸ்பிரிட் வாசனை வீடெல்லாம் பரவியது. அவள் வெளியே வந்தபோதும் லட்சுமணன் வாயைத் திறந்திருக்கவில்லை.

"மாமா கீழயே தங்கிட்டாரு" என்றாள் திரௌபதி. "எதுக்குன்னு உன் புருசன் சொல்லுவான்."

பச்சையம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்ப வருவாரு? இன்னிக்கு நர்சம்மா வந்தாங்க அக்கா. கை வெச்சிப் பாத்தாங்க. மூணு வாரம்லாம் இல்லியாம். வயிறு எறங்கிடுச்சாம், ஆனா கொழந்த இன்னும் குறுக்கதான் கீதாம். இந்த வாரத்துலயே எப்ப வேணாலும் ஆவும்னாங்க."

திரௌபதி விரலை மடக்கிப் பார்த்தாள். அரக்கு காய்வதற்கு வியாழன் ஆகும். ஜீப் வருவதற்குச் சனி ஆகும். டேங்க் காய்ந்தாலும் வண்டியை ஓட்ட ஆள் இல்லை.

லட்சுமணன் துண்டை எடுத்துத் தலையில் கட்டினான்.

"எங்க கெளம்பிட்ட?"

"அண்ணனக் கூட்டியாரேன். குறுக்குவழியில போனா இருட்டறதுக்குள்ள பாதி தூரம் எறங்கிடுவேன்."

"அவரு வர மாட்டேன்னா?"

"பட்டறை வாசல்லயே குந்திக்கினு இருப்பேன் அண்ணி. இன்னிக்கு அவரு எம் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தாரு. நான் சொல்லி முடிக்கறவரைக்கும் டேங்க்குலேருந்து கைய எடுக்கல இல்ல?"

மத்தியானம் பிரித்து யாரும் சரியாகச் சாப்பிடாத சோற்று மூட்டையை அவன் கையில் கொடுத்தாள் திரௌபதி. அவன் பச்சையம்மாவின் தலையில் ஒரு முறை கை வைத்தான். அப்புறம் சாமைக் கொல்லையின் வரப்பில் இறங்கி வேகவேகமாக நடந்தான். மரங்களுக்குள் அவன் மறையும் வரை இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குந்தும்மா. நின்னுக்கினே இருக்காத" என்றாள் திரௌபதி.

பச்சையம்மாவைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்து, விடிந்ததிலிருந்து முதல் தடவையாகக் காலை நீட்டினாள். அவள் கையைப் பச்சையம்மா இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். திரௌபதி கையை எடுக்கவில்லை. உள்ளே பிள்ளை குறுக்காகவே கிடந்து ஒரு முறை உதைத்தது.